அமெரிக்காவில் குடியேறிய முன்னோரின் குடியுரிமை ஆவணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தில் ஒருவர் கப்பலேறி அமெரிக்கா போனார், அங்கேயே குடியுரிமை வாங்கினார் என்பது வரைக்கும் பல வீடுகளில் தெரியும். எந்த ஊரிலிருந்து கிளம்பினார், எந்த வருஷம், யாரோடு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். அவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம், உங்கள் மனைவி அல்லது கணவர் வழியில் ஒருவராகவும் இருக்கலாம். அவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் ஏதோ ஒரு நீதிமன்றப் பேரேட்டில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று: வெறும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடலில் இறங்காதீர்கள். எந்தக் காலம், எந்த ஊர் என்ற இரண்டையும் முதலில் உறுதி செய்யுங்கள். பெயர் அதற்கு அப்புறம்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கு, 72 ஆண்டுகள் கழித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வரும். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வெளியானது. அது வரையிலான பக்கங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

1900, 1910, 1920, 1930 ஆகிய நான்கு கணக்குகளிலும் குடியேறிய ஆண்டு என்று ஒரு கட்டம் உண்டு. அதை ஒட்டியே குடியுரிமை நிலைக்கும் ஒரு கட்டம். அதில் ஈரெழுத்துச் சுருக்கம் ஒன்று இருக்கும். 'என்ஏ' என்றால் குடியுரிமை பெற்றுவிட்டார். 'பிஏ' என்றால் விண்ணப்பத்தின் முதல் படியைத் தாண்டியிருக்கிறார். 'ஏஎல்' என்றால் இன்னும் வெளிநாட்டவர்தான். 1920ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் குடியுரிமை பெற்ற ஆண்டையும் கேட்டார்கள். உங்கள் முன்னோர் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரே ஒரு கணக்கோடு நிறுத்திவிட வேண்டாம். 1910இல் 'பிஏ', 1920இல் 'என்ஏ' என்று இருந்தால், நடந்தது இடைப்பட்ட பத்து வருஷத்துக்குள். அந்த வருஷங்களில் குடும்பம் எந்த கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருந்தது என்பதையும் அதே பக்கங்கள் சொல்லிவிடும். அங்கிருந்த நீதிமன்றங்கள்தான் நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவுகள்.

அதற்கு முந்தைய காலத்துக்கு 1870ஆம் ஆண்டுக் கணக்கு உதவும். 21 வயது நிரம்பிய ஆண் குடிமக்களுக்கு அதில் தனிக் கட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்தவருக்கு நேராக அதில் குறி இருந்தால், அவர் 1870க்குள் குடிமகன் ஆகியிருக்கிறார். 1890ஆம் ஆண்டுக் கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அதில் பெரும்பகுதி போய்விட்டது.

எல்லாரும் 1906, 1906 என்கிறார்களே, ஏன்?

1906 செப்டம்பர் 27 அன்று புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் குடியுரிமை வழங்கும் வேலை முழுக்க முழுக்க நீதிமன்றங்களின் கையில் இருந்தது. ஊர் நீதிமன்றம், கவுண்டி நீதிமன்றம், மாநில நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றம் என எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒவ்வொன்றும் தன் வசதிக்கு ஒரு படிவம் வைத்திருந்தது. வாஷிங்டனுக்கு நகல் எதுவும் போகவில்லை. அந்தக் காலத்து ஆவணங்களுக்கென்று நாடு தழுவிய பட்டியல் இல்லாததற்கு இதுதான் காரணம்.

1906க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே படிவம். நீதிமன்றம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும், இன்னொன்று வாஷிங்டனில் புதிதாகத் தொடங்கிய குடியுரிமைத் துறைக்குப் போகும். ஆக, இந்தக் காலத்துக்காரர் என்றால் தேட உங்களுக்கு இரண்டு இடங்கள். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றொன்றில் பார்க்கலாம்.

முதல் காகிதம், இரண்டாம் காகிதம் என்கிறார்கள். அவை என்ன?

குடியுரிமை ஒரே நாளில் கிடைத்ததில்லை. குடிமகன் ஆக விரும்புகிறேன் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுப்பது முதல் காகிதம். நாட்டில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் இருந்த பிறகு, முதல் காகிதம் கொடுத்துக் குறைந்தது இரண்டு ஆண்டாவது கழித்துக் கொடுக்கும் மனு இரண்டாம் காகிதம். மனு ஏற்கப்பட்டால், பழைய அரசருக்கான விசுவாசத்தைத் துறந்து உறுதிமொழி எடுப்பார். கடைசியில் சான்றிதழ்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த இரண்டு படிகளும் ஒரே நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்று விதி இல்லை. கப்பலை விட்டு இறங்கிய நியூயார்க்கில் முதல் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, வேலை தேடி ஒஹையோவுக்கோ மின்னசோட்டாவுக்கோ போய் அங்கே மனுப் போட்டவர்கள் ஏராளம். முதல் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. 1906க்குப் பிறகு அந்தக் காகிதம் ஏழு ஆண்டுகளில் காலாவதியாகும். அதனால் ஒரே ஆள் இரண்டு முறை முதல் காகிதம் கொடுத்திருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அந்தக் காகிதங்களில் என்னதான் எழுதியிருக்கும்?

1906க்கு முந்தையது என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெயர், எந்த அரசரின் குடி, நீதிமன்றம், தேதி, சாட்சி, அவ்வளவுதான். பிறந்த ஊர் இருந்தால் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிந்தையது அப்படியில்லை. 1910களின் முதல் காகிதம் ஒன்றை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். முழுப் பெயர், வயது, தொழில். நிறம், உயரம், எடை, தலைமுடி நிறம், கண் நிறம். உடம்பில் தெரியும் அடையாளம். வலது கைச் சுண்டுவிரல் இல்லை என்பது மாதிரி ஒரு வரி அங்கே இருக்கலாம். பிறந்த ஊர், பிறந்த நாள். இப்போதைய முகவரி, தெரு எண்ணோடு. புறப்பட்ட துறைமுகம், கப்பலின் பெயர், வெளிநாட்டில் கடைசியாக வசித்த ஊர், வந்து சேர்ந்த துறைமுகம், தேதி. கீழே அவருடைய கையெழுத்து. மனுவில் இன்னும் கூட இருக்கும்: மனைவியின் பெயர், குழந்தைகள் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், அமெரிக்கக் குடிமக்களான இரண்டு சாட்சிகளின் பெயர், முகவரி. 1929 ஜூலை முதல் சான்றிதழில் புகைப்படமும் ஒட்டினார்கள். வீட்டில் ஒரு படம்கூட இல்லாத முன்னோரின் முகத்தை முதல்முறையாக அங்கே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே தேடலாம் என்பேன்.

1906க்கு முந்தைய ஆவணத்தை எங்கே தேடுவது?

அவர் வசித்த கவுண்டியிலிருந்து தொடங்குங்கள். கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகம், அங்கே இல்லாவிட்டால் மாநில ஆவணக் காப்பகம். கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்திருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வட்டாரக் கிளை. இவற்றில் பெரும்பங்கை ஃபேமிலிசர்ச்சும் ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளமும் படமெடுத்துப் போட்டிருக்கின்றன. ஆனால் படம் இருக்கிறது என்பதற்காகத் தேடல் பெட்டியில் பெயர் வந்துவிடாது. பெயர்ப்பட்டியல் தயாராகாத தொகுதிகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். பேரேட்டின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ எழுத்தர் கையால் எழுதிய அகரவரிசை பெரும்பாலும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் 'சுப்ரீம் கோர்ட்' என்று பார்த்தால், அது மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே அது சாதாரண விசாரணை நீதிமன்றம். குடியுரிமை மனுக்கள் அங்கே நிறைய நடந்திருக்கின்றன.

தேர்தல் காலத்தையும் மனதில் வையுங்கள். வாக்குரிமைக்காகக் கட்சிக்காரர்கள் ஆட்களைக் கூட்டிப் போய் மனுப் போட வைத்த காலம் அது. 1868 அதிபர் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் நியூயார்க் நகர நீதிமன்றங்கள் பல்லாயிரம் பேருக்குக் குடியுரிமை கொடுத்து, அது நாடாளுமன்ற விசாரணை வரை போனது. உங்கள் முன்னோர் நகரத்தில் இருந்தவர் என்றால் தேர்தல் ஆண்டுகளின் செப்டம்பர், அக்டோபர் பக்கங்களை விட்டுவிடாதீர்கள்.

1906க்குப் பிந்தையதை வாங்குவது எப்படி?

வாஷிங்டனுக்குப் போன பிரதிகளை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு திறந்தார்கள். சி-கோப்பு என்று பெயர். 1906 செப்டம்பர் முதல் 1956 மார்ச் வரை இந்த வரிசை போகிறது. இப்போது இது யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியுரிமை, குடிவரவுத் துறையின் வசம். அங்கே குடும்ப வரலாறு தேடுவோருக்கென்றே 2008 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது. ஜி-1041 படிவம் கொடுத்தால், அவர் பெயரில் என்னென்ன கோப்புகள் உண்டு என்று தேடி எண்களைச் சொல்வார்கள். அந்த எண்ணை வைத்து ஜி-1041ஏ படிவத்தில் கோப்பைக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. அனுப்பும் அன்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசை மிச்சம் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நீதிமன்றத்தில் உள்ள மனுவின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ சான்றிதழ் எண்ணைக் குறித்திருப்பார்கள். சான்றிதழ் எண்ணேதான் சி-கோப்பு எண். அது கையில் இருந்தால் முதல் படிவம் தேவையில்லை. வீட்டுப் பெட்டியில் சான்றிதழே கிடந்தால் இன்னும் நல்லது.

அவர் பிறந்து நூறு ஆண்டு ஆகவில்லை என்றால் இறப்புக்கான அத்தாட்சியையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

1944 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர்களுக்கு ஏ-கோப்பு என்ற வேறு வரிசை தொடங்கியது. பிறந்து நூறு ஆண்டு தாண்டியவர்களின் ஏ-கோப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகின்றன, முக்கியமாகக் கன்சாஸ் சிட்டிக் கிளைக்கு. பின்னாளில் வந்தவர் என்றால் அங்கேயும் கேளுங்கள்.

பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லையே?

நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அது நடந்ததில்லை. பயணியர் பட்டியலை எழுதியது கப்பல் நிறுவனம், அதுவும் புறப்பட்ட இடத்தில். எல்லிஸ் தீவில் இருந்தவர்கள் அதை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான், வேலைக்காகவும் அக்கம்பக்கத்தார் வாய்க்காகவும். 1906க்குப் பிறகு குடியுரிமை வழக்கிலேயே நீதிமன்றத்தைக் கேட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. அப்படி நடந்திருந்தால் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் மனுவில் பதிவாகியிருக்கும். அது கிடைத்தால் பெரிய வரவு.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைச் சமாளிக்கச் சவுண்டெக்ஸ் என்ற முறை இருக்கிறது. குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மிச்ச மெய்யொலிகளை மூன்று எண்களாக மாற்றுவார்கள். உயிரொலிகளை விட்டுவிடுவார்கள், ஒத்த ஒலிகளுக்கு ஒரே எண். ஸ்மித் என்ற பெயருக்கும் ஷ்மிட் என்ற ஜெர்மானியப் பெயருக்கும் எஸ்-530 என்றே வரும். வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களிலும் நியூயார்க் நகரத்திலும் 1906 வரையிலான குடியுரிமைப் பதிவுகளுக்கு 1930களின் பிற்பகுதியில் வேலையில்லாதோருக்கான அரசுத் திட்டத்தின் கீழ் ஆட்களை வைத்து இந்த முறையில் அட்டை எழுதினார்கள். உங்கள் ஆள் அந்தப் பக்கம் என்றால், எந்த நீதிமன்றம் என்று தெரியாமலே தேட முடிகிற அபூர்வமான வாய்ப்பு இது.

பாட்டியின் பெயரில் எதுவுமே கிடைக்கவில்லை. ஆனால் அவர் வாக்களித்தவர்!

பெண்களைத் தேடும்போது இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். அவர் குடிமகளாகவே இருந்திருக்கலாம், ஆனால் அவர் பெயரில் காகிதம் இருந்திருக்காது. 1855 முதல் 1922 செப்டம்பர் 22 வரை, கணவன் குடிமகன் ஆனால் மனைவியும் தானாகவே குடிமகள் ஆகிவிடுவார். குடிமகனைக் கல்யாணம் செய்தாலும் அதேதான். மனு வேண்டாம், உறுதிமொழி வேண்டாம். அவருக்கான அத்தாட்சி கணவரின் சான்றிதழும் திருமணப் பதிவும்தான். ஆகவே கணவரின் கோப்பைத் தேடுங்கள்.

இதன் மறுபக்கம் கொடுமையானது. 1907 முதல் 1922 வரை, அமெரிக்காவிலேயே பிறந்த பெண்கூட வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டால் குடியுரிமையை இழந்தார். பிறந்த ஊரை விட்டு ஒருநாளும் வெளியே போகாத பெண் ஒருவர், 1920கள், 30களில் தன் சொந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான். குடியேறிய முன்னோர்களை மட்டும் தேடுகிறவர்கள் இந்த மனுக்களைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்த பாட்டிகளின் பெயரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

1922க்குப் பிறகு மனைவிக்குத் தனி மனு, தனிக் கோப்பு.

சிறு வயதில் வந்தவர்களுக்கு?

அப்பா குடிமகன் ஆனபோது 21 வயது நிரம்பாத பிள்ளைகளும் அவரோடு குடிமக்கள் ஆனார்கள். 1941 முதல் இந்த வயது வரம்பு 18 ஆனது. அதனால் அப்பாவின் ஆவணம்தான் பிள்ளைக்கும் ஆவணம்.

ராணுவத்தில் இருந்தவர் என்றால் வழி வேறா?

வேறுதான். 1862 முதல், ராணுவத்திலிருந்து நல்ல முறையில் விடுவிக்கப்பட்டவருக்கு முதல் காகிதம் தேவையில்லை, ஓராண்டு வசித்திருந்தால் போதும். 1918 மே மாதச் சட்டம் முதல் உலகப்போர் வீரர்களுக்கு அந்த ஓராண்டையும் தள்ளுபடி செய்தது. அதன் கீழ் 1919 ஜூன் வரை மட்டும் 1,92,000 பேருக்கு மேல் குடியுரிமை பெற்றார்கள். இவர்களைச் சொந்த ஊர் நீதிமன்றத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பயிற்சி முகாம் எங்கே இருந்ததோ, அதன் பக்கத்து நீதிமன்றத்தில் பாருங்கள்.

முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர். 1946க்கு முன் அவருக்குக் குடியுரிமை கிடைத்திருக்குமா?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1790ஆம் ஆண்டின் முதல் சட்டமே சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். ஆசியர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. இந்தியர்கள் வெள்ளையரா இல்லையா என்பதில் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் தீர்ப்பு மாறியதால், சிலருக்குக் கிடைத்தது. ஏ.கே. மஜும்தார் 1913இல் பெற்றார்.

1923 பிப்ரவரி 19 அன்று பகத் சிங் தின்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்லிவிட்டது. தின்ட் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், அதுவும் எடுபடவில்லை. அதற்கு அப்புறம், ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்தும் அரசு வழக்குப் போட்டுக் குடியுரிமையைப் பறித்தது. மஜும்தாரும் இழந்தார். ஆகவே 1923க்கு முன் குடியுரிமை பெற்ற இந்தியர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், சான்றிதழோடு நின்றுவிடாமல் ரத்து வழக்கு நடந்ததா என்று கூட்டாட்சி நீதிமன்றப் பதிவுகளிலும் பாருங்கள். அந்த வழக்குக் கட்டுகளில் ஒரு வாழ்க்கையே விரிந்து கிடக்கலாம்.

1946 ஜூலை 2 அன்று வந்த லூஸ்-செல்லர் சட்டம்தான் இந்தியர்களுக்குக் கதவைத் திறந்தது. இனத் தடை முழுதாக நீங்கியது 1952 சட்டத்தில். அறிவியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

தேடும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 1930, 1940 கணக்குகளில் இந்தியர் எந்த மதத்தவராக இருந்தாலும் இனக் கட்டத்தில் 'இந்து' என்றே எழுதினார்கள். 1947க்கு முன் போனவரின் காகிதத்தில் அவர் துறக்கும் விசுவாசம் பிரிட்டிஷ் மன்னருக்கானதாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கப்பல் பட்டியலில் அவர் பெயருக்கு மேல் ஏதோ எண்கள் கிறுக்கியிருக்கின்றன. அவை என்ன?

அது கிறுக்கல் இல்லை, தடயம். 1906 ஜூனுக்குப் பிறகு வந்தவர் குடியுரிமை கேட்டால், அவர் வந்த கப்பலைப் பழைய பட்டியலில் தேடிச் சரிபார்த்து வருகைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சரிபார்த்த எழுத்தர் அந்தப் பெயரின் பக்கத்திலேயே குறித்து வைத்தார். இடையே கோடு போட்டுப் பிரித்த இரண்டு எண்கள், பக்கத்தில் ஒரு தேதி என்று இருந்தால், முதல் எண் விண்ணப்பம் வந்த குடியுரிமை மாவட்டம், அடுத்தது விண்ணப்ப எண், தேதி சரிபார்த்த நாள். மனு அந்தத் தேதியை ஒட்டித்தான் இருக்கும்.

எங்கே தேடியும் இல்லை. இனி?

அவர் கடைசி வரை குடியுரிமை வாங்காமலே இருந்திருக்கலாம். அப்படி வாழ்ந்தவர்கள் நிறைய. அதிலும் ஒரு நன்மை உண்டு: 1940 ஆகஸ்டு முதல், 14 வயது நிரம்பிய ஒவ்வொரு வெளிநாட்டவரும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1940 கணக்கில் 'ஏஎல்' அல்லது 'பிஏ' என்று இருந்தவருக்கு ஏஆர்-2 என்ற படிவம் இருந்தாக வேண்டும். யுஎஸ்சிஐஎஸ்ஸிடமே கேட்கலாம்.

மேற்கே போய் நிலம் வாங்கியவர் என்றால் நிலக் கோப்பைப் பாருங்கள். குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி நிலம் பெறக் குடிமகனாகவோ முதல் காகிதம் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும் என்பதால், குடியுரிமை நகலை அதில் செருகியிருப்பார்கள். நீதிமன்றப் பேரேடு தொலைந்துபோனாலும் இந்த நகல் தப்பியிருக்கும். சொந்த ஊரைப் பார்க்கத் திரும்பிப் போனவர் என்றால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நீதிமன்றமும் தேதியும் இருக்கும். கலிபோர்னியாவின் பழைய வாக்காளர் பேரேடுகளிலும் அப்படியே. 1917-18 படைப் பதிவு அட்டைகளிலும் குடியுரிமை நிலை உண்டு.

அதே பெயரில் நாலைந்து பேர் வருகிறார்கள். எவர் நம்மவர்?

முகவரியை ஒப்பிடுங்கள். மனுவில் உள்ள தெரு எண்ணும் அதே ஆண்டை ஒட்டிய கணக்கெடுப்பில் உள்ள தெரு எண்ணும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அவரேதான். அடுத்தது சாட்சிகள். 1906க்கு முந்தைய தாளில் வேறெதுவும் இல்லாதபோது சாட்சியின் பெயர் ஒன்றே வழி. அவர் மைத்துனராக, பக்கத்து வீட்டுக்காரராக, கூட வேலை பார்த்தவராக இருப்பார். அந்தச் சாட்சியின் சொந்தக் கோப்பையும் எடுத்துப் பாருங்கள். பல நேரங்களில் இருவரும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், உங்கள் முன்னோரின் தாளில் விடுபட்ட ஊர்ப் பெயர் அவருடையதில் எழுதியிருக்கும்.

கிடைத்த தாளில் உள்ளதை எல்லாம் நம்பலாமா?

எல்லாமே அவர் வாய்மொழியாகச் சொன்னது. வந்து பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, நினைவிலிருந்து. கப்பல் பெயரும் வந்த தேதியும் தவறியிருப்பது சகஜம், பிறந்த நாளும் ஒரு காகிதத்துக்கு இன்னொன்று மாறும். வருகைச் சான்றிதழ் கோப்பில் இருந்தால், கப்பல் விஷயத்தில் அதை நம்புங்கள், அது பட்டியலைப் பார்த்து எழுதியது. பிறந்த ஊரைப் பொறுத்தவரை, அன்றைய எல்லைகள் வேறு என்பதை நினைவில் வையுங்கள். 1900இல் ஆஸ்திரியா என்று எழுதிய கிராமம் இன்று போலந்திலோ உக்ரைனிலோ இருக்கலாம். அந்தக் காலத்து வரைபடம் ஒன்றில் கிராமத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்கப்புறம் அங்குள்ள பிறப்புப் பதிவேடுகளுக்கு எழுதுங்கள்.